வீட்டுச் சாப்பாடும் தோல் பராமரிப்பும்: மூத்தோருக்கு ஒரு பேச்சு

 

இன்று இரண்டு விஷயங்களைப் பேசப் போகிறோம். ஒன்று, வீட்டில் நாமே ஆக்கிச் சாப்பிடும் சாதாரணச் சாப்பாடு. மற்றொன்று, வீட்டிலேயே செய்து உடம்பில் பூசிக்கொள்ளும் மாவு, எண்ணெய், பத்து போன்றவை. இரண்டுமே அடுப்படியிலிருந்துதான் வருகின்றன. நம் அம்மாவும் பாட்டியும் கற்றுக் கொடுத்தவை. அவற்றில் பெரும்பாலானவை நல்லவை, தொடர்ந்து செய்யலாம். சிலவற்றை நம் வயதுக்கும் நோய்க்கும் ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். மிகச் சிலவற்றை அடியோடு நிறுத்த வேண்டும். எது எந்த வகை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அன்றைய சாப்பாடு, இன்றைய உடம்பு

1877-ஆம் ஆண்டு குவாலா கங்சாரில் நடப்பட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் அந்த ஊரில் பெரிய மரமாக நிற்கிறது. அதற்குப் பின் சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான், பாகான் டத்தோ என்று பேராக் முழுவதும் தோட்டங்கள் பெருகின. உங்களில் பலர் அந்தத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். விடியும் முன் பெரட்டுக்கு நின்று, 400, 500 மரங்கள் வெட்டி, பால் எடுத்து, வாளிகளைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு நடந்தவர்கள். வீட்டுக்கு வந்தால் விறகு வெட்ட வேண்டும், தண்ணீர் தூக்க வேண்டும், ஆடு மாடு பார்க்க வேண்டும்.

அந்த உழைப்புக்கு மூன்று வேளைச் சோறும் தேவைப்பட்டது. சாப்பிட்டது அத்தனையும் வேர்வையாகப் போனது. இன்று பல தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பிள்ளைகளோடு ஈப்போவுக்கும் மற்ற பட்டணங்களுக்கும் வந்துவிட்டோம். வேலை குறைந்துவிட்டது. ஆனால் தட்டில் போடும் சோற்றின் அளவு பல வீடுகளில் இன்னும் குறையவில்லை.

சுகாதார அமைச்சின் 2023-ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, நம் நாட்டில் பெரியவர்கள் 100 பேரில் சுமார் 16 பேருக்கு இனிப்புநீர் இருக்கிறது. 29 பேருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. மற்ற இனங்களைவிட இந்தியர்களிடம்தான் இனிப்புநீர் அதிகம். இது காலையும் கண்ணையும் சிறுநீரகத்தையும் மெல்ல மெல்லத் தாக்கும். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இனிப்புநீர்தான் காரணம். அதனால்தான் அடுப்படியிலிருந்து இந்தப் பேச்சைத் தொடங்குகிறோம்.

சுக்கு சுக்கு செபாரு

கிளினிக்கில் "சுக்கு சுக்கு செபாரு" என்று எழுதிய தட்டுப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். இது காபியில் தட்டிப் போடும் சுக்கு இல்லை. மலாயில் சுக்கு என்றால் கால் பங்கு, செபாரு என்றால் பாதி. தட்டில் கால் பங்கு சோறு, மீகூன் அல்லது சப்பாத்தி. கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு அல்லது தௌஹு. மீதிப் பாதி முழுவதும் காய்கறி, கீரை, பழம்.

நம் வழக்கப்படி முதலில் சோற்றைக் குவித்துவிட்டால் மற்றவற்றுக்கு இடம் இருக்காது. ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் கீரையையும் காயையும் பாதித் தட்டுக்குப் பரப்புங்கள். அடுத்து மீனோ பருப்போ வையுங்கள். மிஞ்சும் இடத்தில் சோறு போடுங்கள். சோற்றை அடியோடு நிறுத்தத் தேவையில்லை. கேழ்வரகுக் களியும் சப்பாத்தியும் நல்லவைதான். ஆனால் அவையும் மாவுச்சத்தே. "கேழ்வரகுதானே" என்று இரண்டு மடங்கு சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

எளிய சமையல் இரண்டு

முதலாவது, முருங்கைக்கீரைப் பருப்பு. நான்கு பேர் சாப்பிடலாம். மைசூர் பருப்பு 1 கப் எடுத்துக் கழுவி, 4 கப் தண்ணீர், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், தட்டிய பூண்டு 5 பல், நறுக்கிய தக்காளி 1 சேர்த்து வேக வையுங்கள். 20 நிமிடத்தில் குழைந்துவிடும். உருவிய முருங்கைக்கீரை 3 கைப்பிடி போட்டு, மூடாமல் 5 நிமிடம் கொதிக்க விடுங்கள். வேறு சட்டியில் 2 தேக்கரண்டி எண்ணெய் ஊற்றிக் கடுகு, சீரகம், காய்ந்த மிளகாய் 2, சின்ன வெங்காயம் 8, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். உப்பு அரைத் தேக்கரண்டி போதும். இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழிந்தால் உப்புக் குறைவது நாக்குக்குத் தெரியாது. கீரையிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேரவும் அந்தப் புளிப்பு உதவும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் இரும்புச் சத்து சேர்வது குறையும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

இரண்டாவது, தேங்காய்ப்பால் சேர்க்காத மீன் புளிச்சாறு. கெம்போங் மீன் 4 எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். எலுமிச்சம்பழ அளவு புளியை 3 கப் தண்ணீரில் கரையுங்கள். மிளகு 1 தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, பூண்டு 6 பல் ஆகியவற்றை ஒன்றாகத் தட்டுங்கள். 1 தேக்கரண்டி எண்ணெயில் வெங்காயம், தக்காளி, தட்டிய மசாலை எல்லாவற்றையும் வதக்கி, புளித்தண்ணீரும் மஞ்சளும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். நன்றாகக் கொதித்தபின் மீனைப் போட்டு 8 நிமிடத்தில் இறக்குங்கள். வெண்டைக்காயோ கத்தரிக்காயோ சேர்த்தால் காய்க்கு வேறு சட்டி வைக்க வேண்டாம்.

தனியாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவருக்காக எதற்கு உலை வைப்பது என்று ரொட்டியும் தேநீரும் மட்டும் எடுத்துக்கொண்டு சில அம்மாமார்கள் நாளைக் கடத்திவிடுகிறார்கள். வயதான காலத்தில் சதை குறைந்தால் கால் தடுமாறும், கீழே விழ நேரும். ஒவ்வொரு வேளையிலும் ஒரு முட்டை, ஒரு துண்டு மீன் அல்லது ஒரு கிண்ணம் பருப்பு இருக்கட்டும். பல் இல்லாதவர்கள் மீனை முள்ளெடுத்து உதிர்த்தும், தௌஹுவை மசித்தும் சாப்பிடலாம். சிறுநீரக நோய்க்காக டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவையே கடைப்பிடியுங்கள்.

உப்பு, சர்க்கரை, எண்ணெய்

ஒரு நாளைக்கு ஒருவருக்கு உப்பு 5 கிராம், அதாவது சமமாகத் தட்டிய ஒரு தேக்கரண்டி, அதற்கு மேல் போகக்கூடாது. மலேசியர்கள் சராசரியாக 7.9 கிராம் சாப்பிடுகிறோம். இந்த உப்பு சமையலில் போடுவதிலிருந்து மட்டும் வருவதில்லை. கருவாடு, ஊறுகாய், அப்பளம், கிச்சாப், மசாலைக் கட்டி, உடனடி மீ எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது. கருவாடு ஆசைப்பட்டால் மாதம் ஓரிரு முறை, தண்ணீர் மாற்றி மாற்றி ஊற வைத்துச் சமையுங்கள். அன்றைக்குக் குழம்பில் உப்புப் போடாதீர்கள்.

கடைத் தேநீரில் ஊற்றும் டின் பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. ஒரு நாளைக்கு நான்கு கிளாஸ் குடிப்பவர், சோற்றைக் குறைத்தும் சர்க்கரை இறங்கவில்லையே என்று வருந்துவார். கடையில் "கோசோங்" என்று கேட்டுப் பழகுங்கள். முடியாவிட்டால் முதல் மாதம் ஒரு கிளாஸைக் குறையுங்கள், அடுத்த மாதம் இன்னொன்றைக் குறையுங்கள்.

புந்தோங் காச்சாங் பூத்தே நம் ஈப்போவுக்குப் பெருமை. முறுக்கும் பக்கோடாவும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொள்ளாமல், ஒரு சின்னக் கிண்ணத்தில் கொட்டி, மீதியைக் கட்டி வைத்துவிட்டு உட்காருங்கள். அவித்த கடலை, சுண்டல் என்றால் இன்னும் நல்லது. பொரித்த எண்ணெய் கறுத்துவிட்டால், நுரைத்தால், காறல் வாசம் வந்தால் மறுபடியும் பயன்படுத்த வேண்டாம்.

மருந்தோடு மோதும் உணவுகள்

பாகற்காய்க் குழம்பும் வெந்தயமும் சாப்பாட்டில் இருப்பது நல்லதே. ஆனால் பாகற்காயைச் சாறு பிழிந்து தினம் ஒரு கிளாஸ் குடிப்பதும், ஊற வைத்த வெந்தயத்தைக் கைப்பிடி கணக்கில் விழுங்குவதும் வேறு விஷயம். இனிப்புநீர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு இவற்றால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். கை நடுக்கம், குளிர்ந்த வேர்வை, படபடப்பு, தலை கிறுகிறுப்பு வந்தால் உடனே 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் குடித்துவிட்டு உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999-ஐ அழையுங்கள்.

சிறுநீரகம் பழுதானவர்கள் பெலிம்பிங் பழத்தைத் தொடவே கூடாது. பழமாகவும் வேண்டாம், சாறாகவும் வேண்டாம். அதிலுள்ள நச்சை நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. விடாத விக்கல், குழப்பம், வலிப்பு என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

தோலுக்கு வீட்டில் செய்யக்கூடியவை

வயதாக ஆகத் தோல் மெலிந்து வறண்டுபோகும். எண்ணெய்ப் பசை குறையும். சோப்பை அடிக்கடி தேய்த்தால் அரிப்பு கூடும், சொறிந்தால் புண்ணாகும். ஆகவே சோப்பைக் கக்கம், மடிப்புகள், பாதம் இவற்றுக்கு மட்டும் போடுங்கள். மற்ற இடங்களுக்குப் பாசிப்பயறு மாவு போதும். பயற்றைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, நைசாக அரைத்துச் சலியுங்கள். இரண்டு வாரத்துக்கு மட்டும் செய்து, ஈரம் படாத போத்தலில் வையுங்கள். பூசணம் பிடித்தாலும் வண்டு விழுந்தாலும் கொட்டிவிடுங்கள். குளிக்கும்போது 2 மேசைக்கரண்டி எடுத்துத் தண்ணீரில் குழைத்து மெதுவாகத் தடவிக் கழுவுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

குளித்து முடித்துத் துணியால் ஒற்றியவுடன், தோலில் சற்று ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெயை மெல்லியதாகத் தடவுங்கள். ஈரத்தைத் தோலிலேயே பிடித்து வைக்கும். ஆனால் எண்ணெயைக் குளியலறையில் நின்றபடி தேய்க்காதீர்கள். எண்ணெய்க் குளியல் நாளில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மீண்டும் நடப்பது பெரும்பாடு. நாற்காலியில் உட்கார்ந்து தேயுங்கள். தரையில் சிந்திய எண்ணெயையும் மாவையும் கழுவிவிட்டு எழுந்திருங்கள்.

மஞ்சளும் சோற்றுக் கற்றாழையும் சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு அரிக்கும். எதையும் புதிதாகப் பூசும் முன் முழங்கையின் உள்பக்கத்தில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ வேண்டாம். எலுமிச்சம்பழச் சாற்றைத் தோலில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்துபோய்க் கறுத்த தழும்பு விழும். பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டினால் நெருப்புச் சுட்டதைப் போலக் கொப்புளம் வரும். இவை இரண்டும் சமையலுக்கு மட்டுமே.

சமையலில் கை சுட்டுவிட்டால் பற்பசை, காபித்தூள், கிச்சாப் எதையும் பூசாதீர்கள். குழாயைத் திறந்து 20 நிமிடம் தண்ணீரில் காட்டுங்கள். உணர்ச்சியே இல்லாத வெளிறிய படை, ஆறாத புண், வடிவமும் நிறமும் மாறும் மச்சம் இருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் கிளினிக்கில் காட்டுங்கள்.

பாதத்துக்கு தினம் ஐந்து நிமிடம்

இனிப்புநீர் பல ஆண்டுகள் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறையும். முள் குத்தினாலும் தெரியாது. சின்னப் புண் ஆழமாகி, விரலோ காலோ எடுக்கும் நிலைக்குப் போகும். இதைத் தடுக்க முடியும். தினமும் இரவில் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பாதங்களையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து அடிப்பாதத்தைப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண் மங்கியவர்கள் கட்டாயம் இன்னொருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பாதத்திலும் குதிகால் வெடிப்பிலும் தேங்காய் எண்ணெய் தடவலாம். விரல் இடுக்கில் தடவக்கூடாது. அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். சுடுதண்ணீரில் காலை ஊற வைக்காதீர்கள். கால் வெந்தாலும் உங்களுக்குத் தெரியாது. காய்ப்பைப் பிளேடால் செதுக்காதீர்கள். புண்ணின் மேல் மஞ்சளோ சாம்பலோ இலைச்சாறோ போடாதீர்கள். சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி, அன்றே அல்லது மறுநாளே கிளினிக்குக்கு வாருங்கள்.

தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலுக்கு வெறுங்காலோடு நடக்கும் வழக்கம் உண்டு. உணர்ச்சி குறைந்த பாதத்துக்குச் சூடேறிய தார்ச்சாலை பெரிய ஆபத்து. வெயில் ஏறும் முன் விடியற்காலையில் போங்கள். தடித்த காலுறை அணியுங்கள். திரும்பியதும் பாதத்தைப் பாருங்கள். பாதம் மரத்துப்போனவர்கள் தீமிதிக்க வேண்டாம். இதைக் கேட்க மனம் வருந்தும் என்று தெரியும். வேண்டுதல் இருந்தால் வேறு வழியில் செலுத்த முடியுமா என்று கோயில் குருக்களிடம் கேளுங்கள்.

பேரப்பிள்ளைகளுக்கு வேப்பெண்ணெய் வேண்டாம்

பிள்ளைக்குச் சளி என்றால், வயிறு சரியில்லை என்றால், ஒரு சங்கு வேப்பெண்ணெய் ஊற்றும் பழக்கம் நம்மிடம் இருந்தது. இதை மலேசிய டாக்டர்களே ஆராய்ந்திருக்கிறார்கள். வேப்பெண்ணெய் கொடுக்கப்பட்ட 13 கைக்குழந்தைகளைப் பற்றி, டாக்டர் சின்னையாவும் டாக்டர் பாஸ்கரனும் 1981-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். எண்ணெய் உள்ளே போன சில மணி நேரத்துக்குள் அந்தக் குழந்தைகளுக்கு வாந்தியும் அயர்வும் வந்து மூளை பாதிக்கப்பட்டது. அன்பால் கொடுத்த எண்ணெய்தான் அது. அதனால் பாட்டிமார்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: வேப்பெண்ணெயைக் குழந்தையின் வாயில் ஒரு சொட்டும் விடாதீர்கள். மருமகள் வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். வீட்டில் வேப்பெண்ணெய் இருந்தால் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

கடையில் வாங்கும் "இயற்கை" மருந்துகள்

பாசார் மாலத்தில் மூட்டுவலிக்கு மருந்து விற்பார்கள். குடித்த மறுநாளே வலி பறந்துவிடும். அத்தகைய சில பொருள்களில் ஸ்டீராய்டு மருந்தை ரகசியமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்திருக்கிறது. அது சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், முகத்தை உப்ப வைக்கும், எலும்பைக் கரைக்கும். அதை நெடுநாள் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. போத்தலோடு டாக்டரிடம் வாருங்கள்.

முகத்தை வெளுப்பாக்கும் சில கிரீம்களில் பாதரசம் இருந்ததும் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. பாதரசம் தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருந்து வாங்கும்போது எம், ஏ, எல் என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண்ணும், மின்னும் ஒட்டுவில்லையும் இருக்கிறதா என்று பாருங்கள். கிரீம், பவுடர் என்றால் என், ஓ, டி என்று தொடங்கும் எண் இருக்க வேண்டும். எழுத்து பொடியாக இருந்தால் பிள்ளைகளிடம் காட்டுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

இவ்வளவையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. இந்த வாரம் நான்கு காரியங்கள் செய்தால் போதும். ஒன்று, தினம் ஒரு வேளையாவது பாதித் தட்டு காய்கறி. இரண்டு, கடைத் தேநீரில் ஒரு கிளாஸ் குறைத்தல். மூன்று, இரவில் பாதம் பார்த்தல். நான்கு, வீட்டில் குடிக்கும் கஷாயம், சாறு, பொடி, மாத்திரை, பூசும் கிரீம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, அடுத்த முறை கிளினிக்குக்கு வரும்போது கொண்டு வருதல். மிஸ்ஸி திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று தெரிந்தால்தான் மருந்தின் அளவைச் சரியாகப் போட முடியும்.

பேச்சு முடிந்ததும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட்டுப் போங்கள். கேள்வி இருந்தால் தயங்காமல் தமிழிலேயே கேளுங்கள்.